இன்ஸ்பெக்டர் வீட்டுச் சைக்கிள்

ஒரு பெண்ணின் வயிற்றை மறைப்பதற்காக நான் தூக்கிச் சுமந்த சாமான்களை வைத்துத் தனியாக ஒரு கடையே போடலாம். ஃபைல் கட்டு, தண்ணீர் கேன், டேபிள் ஃபேன், காரின் கதவு, பூந்தொட்டி, பீரோ. வயிறு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வளர்ந்தது. சாமான்தான் ஒரேயடியாக வளர்ந்தது. நடுவில் மாட்டிக்கொண்டது என் இடுப்பு.

நான் செட் ஆள். டி.வி.யில் வாராவாரம் வருகிற ஒரு துப்பறியும் தொடருக்கு, அது தொடங்கிய நாளிலிருந்து மேஜை நாற்காலி தூக்கிப் போடுகிறவன். போலீஸ் ஸ்டேஷன், பிணவறை, கொலைகாரன் பதுங்குகிற கிடங்கு எல்லாம் ஒரே தகரக் கூரைக்கு அடியில்தான். பிணவறைச் சுவரைத் திருப்பி நிறுத்தினால் அது இன்ஸ்பெக்டர் வீட்டுச் சமையலறை. சாமானோடு வரும்போது "ஓரமா, ஓரமா" என்று சத்தம் போட்டுக்கொண்டே வருவேன். அதனால் எனக்கு ஓரம் அண்ணன் என்றே பெயராகிவிட்டது. சம்பளம் கொடுக்கிறவர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

இன்ஸ்பெக்டராக நடிக்கிற அம்மாவுக்கும் என் கதிதான். சொந்தப் பெயர் போய்விட்டது. கடைக்குப் போனாலும் இன்ஸ்பெக்டரம்மா, கல்யாண வீட்டுக்குப் போனாலும் இன்ஸ்பெக்டரம்மா.

மூன்றாவது சீசனில் இந்த இன்ஸ்பெக்டருக்கு ஒரு பிள்ளை வந்தது. அப்பா அம்மாவைக் கொலைக்குப் பறிகொடுத்த ஒரு பையனை அவர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து வளர்க்கிற மாதிரி கதை. ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தது. அந்தப் பையனுக்குக் கட்டில் போட்டது நான். அவன் அறைச் சுவருக்கு மஞ்சள் அடித்தது நான். சின்னதாக ஒரு சிவப்புச் சைக்கிளைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்து சமையலறை மூலையில் சாய்த்து வைத்ததும் நான்தான்.

நான்காவது சீசனில் பையன் இல்லை.

செத்துப்போனான் என்று சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள் என்றும் சொல்லவில்லை. கதை எழுதுகிறவர் மாறினார், புதிதாக வந்த கதைசாருக்குப் பையன் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார், விளக்கைப் போட்டார், தண்ணீர் குடித்தார், கொலைகாரனைப் பற்றி யோசித்தார். நேற்று வரை மடியில் தலை வைத்துப் படுத்த பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

ஆனால் சைக்கிள் இருந்தது. எங்கள் தொழிலில் ஒரு கண்டிப்பு உண்டு. படத்தில் ஒரு தடவை தெரிந்த சாமானை, அது போவதற்கு ஒரு காரணம் கதையில் வரும்வரை, இருந்த இடத்திலேயே வைத்திருக்க வேண்டும். இதைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு பெண் இருக்கிறாள். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வாள். அவளுக்குப் போட்டோ பாப்பா என்று பெயர். நான் ஒரு டம்ளரை ஒரு விரல் அளவு நகர்த்தினாலும் ஓடி வந்துவிடுவாள். "பையன் காணாமப் போனப்ப நீ எங்கம்மா போன?" என்று கேட்டேன். "அண்ணே, சாமான்தான் என் பொறுப்பு. மனுஷங்க கதைசார் பொறுப்பு" என்றாள்.

ஆக, பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளையின் சைக்கிளை வருஷக்கணக்கில் தூசி தட்டிக்கொண்டிருந்தேன்.

எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு வயதான பிறகுதான் வந்தது. அதற்கு முன்னால், தூக்கு என்றால் தூக்குவேன், போடு என்றால் போடுவேன். நிம்மதியாக இருந்தேன். சீன் பேப்பரை விரல் வைத்துப் படிக்கத் தொடங்கியதும் வந்தது வினை. ஒவ்வொரு சீசன் முடிவிலும் இன்ஸ்பெக்டர் மொட்டை மாடியில் நின்று அழுவார். இனிமேல் வேலையை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டேன், மனுஷியாக வாழப் போகிறேன் என்பார். நானும் நம்பிவிடுவேன். அடுத்த சீசன் முதல் பேப்பரில் பார்த்தால், 'சமையலறைச் சுவர் முழுக்கப் பிணங்களின் படம்' என்று இருக்கும். ஒட்டுகிறவன் நான்தானே. இந்த அம்மாவுக்கு எத்தனை தடவை புத்தி வந்தது, எத்தனை தடவை போனது என்று எனக்குத்தான் தெரியும். எரிச்சல் எரிச்சலாக வரும்.

என் மகளுக்கு அதைவிட எரிச்சல். அவள் ஒரு பெரிய கடையில் செக்யூரிட்டி. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் மாலை என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். மருமகன் தூரத்தில் வேலை பார்க்கிறான், மாதத்துக்கு ஒரு தடவை வந்துபோவான். பேத்திக்கு நாலு வயது. எனக்கு ஷூட்டிங் இல்லாத நாளில் பேத்தி என்னோடு. இருக்கிற நாளில் கீழ்வீட்டு டெய்லரம்மா கையைக் காலைப் பிடிக்க வேண்டும்.

யூனிபார்ம் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே மகள் எங்கள் தொடரைப் பார்ப்பாள்.

"அப்பா, அந்தப் பையன் எங்கப்பா?"

"தெரியலம்மா."

"நீ அங்கதானே வேலை பாக்கற?"

"நான் கட்டில் தூக்கறவன். கதை தூக்கறவன் வேற ஆளு."

"எனக்குக் கொலைகாரன் யாருன்னு தெரிய வேணாம்ப்பா. அவன் எப்படியும் மாட்டுவான். இவ திடீர்னு டூட்டிக்கு ஓடறாளே, பிள்ளையை யாரு பாத்துக்கறா? அதை ஒரு தடவை காட்டச் சொல்லு. நானும் கத்துக்கறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இஸ்திரிப் பெட்டியை வைத்த வேகத்தில் மேஜை ஆடியது.

இந்த நிலையில்தான் இன்ஸ்பெக்டரம்மா நிஜமாகவே வாயும் வயிறுமானார். நல்ல செய்திதான். செட்டில் எல்லோரும் மிட்டாய் தின்றோம். மிட்டாய் தின்ற வாய் காய்வதற்குள் டைரக்டர் கூட்டம் போட்டார்.

"படத்துல தெரியக் கூடாது. மேஜைக்குப் பின்னாடி நிக்க வைங்க. கையில எதையாவது கொடுங்க. ஓரம், உன்னை நம்பித்தான் இருக்கேன்."

அப்படி ஆரம்பித்ததுதான் இந்தக் கடை. குற்றவாளியைத் துரத்த வேண்டியவர் காரை விட்டே இறங்கவில்லை. கையில் குழந்தை மாதிரி ஃபைல் கட்டைச் சுமந்துகொண்டு ஸ்டேஷன் முழுக்க நடந்தார். ஒரு தடவை பிணத்தைப் பார்க்க வந்த இடத்தில் அவர் முன்னால் டேபிள் ஃபேன் வைத்தார்கள். பிணவறையில் யாருக்கு வேர்க்கிறது என்று கேட்டேன். "வேலையைப் பாருங்கண்ணே" என்றார்கள்.

பிறகு சீசனின் கடைசிப் பேப்பர் வந்தது. விரல் வைத்துப் படித்தேன். 'ரோடு. லாரி. இன்ஸ்பெக்டர் கீழே கிடக்கிறார். கண் மூடுகிறது.' அடுத்த வரியில் ஒரு இளவட்ட இன்ஸ்பெக்டர் வந்து அவர் தொப்பியை எடுக்கிறான்.

அன்றைக்கு மத்தியானம் இன்ஸ்பெக்டரம்மா அந்த மஞ்சள் அறையில், பையனின் பழைய கட்டிலில் வந்து உட்கார்ந்தார். கால் வீங்கியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தேய்த்துக்கொண்டார்.

"அண்ணே, என்னைத் தூக்கிட்டாங்க. தெரியுமா?"

"படிச்சேம்மா. லாரி."

"கெஞ்சிப் பாத்துட்டேன். நிஜமாவே வயிறு இருக்கு, அப்படியே கதையில வெச்சுக்கங்க, ரெண்டு மாசம் லீவு கொடுங்க, வந்துடறேன்னேன். கதைசார் என்ன சொல்றாரு தெரியுமா? பிள்ளைத்தாச்சி துப்பறிஞ்சா யாரும் நம்ப மாட்டாங்களாம். ஏற்கெனவே ஒரு பிள்ளையைக் கொடுத்துப் பாத்தாச்சு, எடுபடலையாம்."

"கொடுத்தது சரி. எங்க வெச்சாராம்?"

அவர் சிரித்தார். சிரித்த முகம் அப்படியே மாறி, அந்தப் பக்கம் சமையலறை மூலையில் தெரிந்த சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என் பாதி ஆயுசுண்ணே. இந்த இன்ஸ்பெக்டரை நான் எத்தனை வருஷமா சுமக்கறேன். சாகடிக்கறதா இருந்தா ஒரு கொலைகாரன் கையில சாகடிக்கட்டும், ஒரு மரியாதை இருக்கும். லாரிங்கறாங்க."

வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தேன். கோபம் எனக்குத்தான் அதிகம். யார் மேல் காட்டுவது என்று தெரியாமல், பேட்டா சரியில்லை என்று டிரைவரோடு சண்டை போட்டேன்.

லாரிக் காட்சிக்கு முன்னால் இன்னும் ஒரு வீட்டுக் காட்சி பாக்கி இருந்தது. இன்ஸ்பெக்டர் சமையலறையில் நிற்கிறார், போன் வருகிறது, கொலைகாரன் ஒளிந்திருக்கும் இடம் தெரிகிறது, கிளம்புகிறார். மேஜைக்குப் பின்னால் நிறுத்திப் பார்த்தார்கள். வயிறு மேஜைக்கு மேலே தெரிந்தது.

"ஃப்ரிட்ஜை முன்னாடி இழு" என்றார் டைரக்டர்.

போட்டோ பாப்பா ஓடி வந்தாள். "சார், போன சீன்ல ஃப்ரிட்ஜ் ஜன்னல் பக்கம் இருந்தது. நகர்த்தக் கூடாது."

"பாத்திரம் அடுக்கு."

"கண்ணாடிப் பாத்திரம் சார். உள்ளே எல்லாம் தெரியுது."

"பூந்தொட்டி?"

"அது ஸ்டேஷன்ல இருந்த தொட்டி சார். அதே பூ."

"ஏம்மா, இந்த வீட்டுல நகர்த்தக்கூடிய சாமான் ஏதாவது ஒண்ணு இருக்கா?"

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். "சைக்கிள் நகரும் சார். அதுக்குத்தானே சக்கரம்."

எல்லோரும் மூலையைப் பார்த்தோம். டைரக்டர் தாடையைச் சொறிந்தார். "தூக்கி மேஜை மேல தலைகீழா வை. ரிப்பேர் பண்ற மாதிரி இருக்கட்டும். ஹேண்டில்ல ஒரு துணியைப் போடு. மறைஞ்சிடும்."

ஓட்டை ஓட்டையாக இருக்கிற ஒரு சாமானை வைத்து மறைக்க நினைத்தவர்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம். துணி போட்டேன், ஒரு பை மாட்டினேன், செயின் கவர் பக்கத்தை முன்னால் திருப்பினேன். ஒரு மாதிரி மறைந்தது. சக்கரம் மட்டும் மேலே நின்றது. அதைவிட்டால் வேறு வழியில்லை. வெளியே லாரி வந்து காத்துக்கொண்டிருந்தது.

ஷாட் ஆரம்பித்தது. இன்ஸ்பெக்டரம்மா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துப் பேசினார். கை பெடலைச் சுற்றியது. சக்கரம் கிர்ரென்று சுழன்றது. "பழைய கிடங்கா? யாரும் உள்ளே போகாதீங்க, நான் வர்றேன்." போனை வைத்தார். அதோடு அவர் கிளம்ப வேண்டும், பேப்பரில் அவ்வளவுதான்.

அவர் கிளம்பவில்லை. சக்கரம் சுழன்று நிற்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். அங்கே கையை வைத்தார்.

"அவன் லீவுக்கு வர்றதுக்குள்ள சரி பண்ணிடணும். இல்லேன்னா உன்கிட்டத்தான் சண்டைக்கு வருவான், உங்க அண்ணன்."

கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. டைரக்டர் கட் சொல்ல மறந்து வாயைப் பிளந்துகொண்டு மானிட்டரைப் பார்த்தார். பிறகுதான் நாற்காலி உருளுகிற சத்தம் கேட்டது.

"யாரு எழுதுன டயலாக் இது?"

"சைக்கிளைத் தலைகீழா வெச்சீங்க சார். யாருக்கு ரிப்பேர்னு சொல்ல வேணாமா?"

"எடிட்டிங்ல வெட்டிடுவேன்."

"வெட்டிக்கங்க."

இன்னொரு தடவை எடுத்திருக்கலாம். ஆனால் லாரிக்காரன் வாசலில் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டான். சமையலறையைப் பிரிக்கச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே இன்ஸ்பெக்டரம்மாவை ரோட்டில் படுக்க வைத்து அந்தச் சாவையும் எடுத்தார்கள். அவர் படுக்கிற இடத்தில் கல் குத்தாமல் பாயை மடித்துப் போட்டுவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

வீட்டுக் காட்சி வந்த வாரம் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். போன் வந்தது. பெடல் சுழன்றது. போனை வைத்தார். சக்கரம் நின்றது. குனிந்தார், கையை வைத்தார், வாயைத் திறந்தார். அடுத்த நொடி ரோட்டில் ஜீப் ஓடியது. சொன்னபடியே வெட்டிவிட்டார்.

"பாவிகளா" என்றேன்.

மகள் இஸ்திரிப் பெட்டியை அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டு டி.வி. பக்கத்தில் வந்துவிட்டாள். "அப்பா, அவ முழுகாம இருக்காளா?"

"எப்படித் தெரியுது?"

"எப்படித் தெரியுதா? கையை அங்க வெச்சா வேற என்னப்பா? நான் இவளைச் சுமந்தப்ப இப்படித்தானே வெச்சுக்கிட்டுப் பஸ்ல நின்னேன். ஆமா, அந்தப் பையன் சைக்கிள்தானே அது? ரிப்பேர் பண்றா! அப்போ அவன் இருக்கான்ப்பா! எங்கயோ இருக்கான்!"

கீழ்வீட்டு டெய்லரம்மா படியேறி வந்து, "பாத்தியாடி, பாத்தியாடி" என்றார். பேத்தி மட்டும், "தாத்தா, அந்தச் சைக்கிளை எனக்குத் தருவாங்களா?" என்று கேட்டாள்.

வெட்டினவர் வார்த்தையை வெட்டினார். கையை வெட்ட மறந்துவிட்டார். பொம்பளைகள் கண்ணுக்கு அது போதும். சேனலுக்குப் போன் மேல் போன். பிள்ளைத்தாச்சியை லாரியில் அடிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு எப்படியோ வெளியே கசிந்து, போன் எடுத்தவர்கள் காது கிழிந்ததாம். அடுத்த வாரம் எங்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். லாரி அடித்தது, ஆனால் நிறுத்தி வைத்திருந்த காலி ஜீப்பை. இன்ஸ்பெக்டர் தொப்பி அவர் தலையிலேயே இருந்தது. அந்த இளவட்டத்தை இன்னொரு தொடரில் வில்லனாகப் போட்டுவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டரம்மா அன்றைக்கு என் பக்கத்தில் வந்து, "ஓரம் அண்ணே, உங்க சைக்கிளுக்குக் காத்தடிச்சு வைங்க" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவருக்கு நல்லபடியாகப் பெண் பிறந்தது. சொன்ன மாதிரியே வேலைக்கு வந்தார். நிஜக் குழந்தை மேக்கப் ரூமில் அவர் அக்கா கையில் இருந்தது. பாலுக்கு அழுதால் ஷூட்டிங் நிற்கும். டைரக்டர் வாட்சைப் பார்ப்பார். இன்ஸ்பெக்டரம்மா ஓடிப்போய் ஓடி வருவார்.

புது சீசனுக்கு மஞ்சள் அறையில் தொட்டில் போட்டேன். உள்ளே துணி சுற்றிய பொம்மை. பையன் ஹாஸ்டலில் படிக்கிறான் என்று ஒரே ஒரு வரி வைத்திருந்தார்கள். இத்தனை வருஷத்துக்கு ஒரு வரி. சரி, வந்த வரைக்கும் லாபம் என்று பேப்பரை மேலே படித்தேன்.

'குழந்தை தூங்குகிறது. போன் ஒலிக்கிறது. இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியேறுகிறார்.'

அடுத்த காட்சியைப் படித்தேன். கிடங்கு. அதற்கடுத்து மார்க்கெட். அதற்கடுத்து விடியற்காலை, இன்ஸ்பெக்டர் வீடு திரும்புகிறார், 'குழந்தை தூங்குகிறது'.

கதைசார் டீ குடித்துக்கொண்டு நின்றார். நேராகப் போய்விட்டேன்.

"சார், இவங்க கிளம்பிட்டா குழந்தைகிட்ட யாரு இருக்கா?"

"அது தூங்குதேண்ணே."

"எழுந்துட்டா?"

"நான் எழுதினாத்தானே எழும்?" என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

"என் வீட்டுல ஒண்ணு இருக்கு சார். யாரும் எழுதாமலே எழுந்துக்கும்."

"அண்ணே, இது துப்பறியற கதை. ஆயா, டெய்லர், பக்கத்து வீடுன்னு போனா கொலைகாரனை எப்பப் பிடிக்கறது? போன் வந்தா ஓடணும். ஜனங்களுக்கு ஓட்டம்தான் வேணும். போங்கண்ணே, தொட்டிலைக் கொஞ்சம் ஓரமாப் போடுங்க."

ஓரமாக. எனக்கே சொல்கிறார்.

இத்தனை பேர் கத்தி, ஒரு அம்மா உயிர் தப்பி, கடைசியில் கிடைத்தது என்ன? போன தடவை பிள்ளையைத் தொலைத்தார்கள். இந்தத் தடவை தூங்க வைத்துவிட்டார்கள். கதைசார் கழுத்தைப் பிடிக்க முடியாது. என் மகளிடம் போய் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. அவளுக்கு அன்றைக்கு மாலை ஷிப்ட். டெய்லரம்மாவுக்குக் காய்ச்சல். நான் சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

தொட்டிலை ஓரமாகப் போட்டேன். போட்டுவிட்டுக் கிடங்குக்குப் போய் ஒரு நாற்காலி எடுத்து வந்தேன். கை வைத்த மர நாற்காலி, உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் குழிந்தது. அதைத் தொட்டிலுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் ஆட்டுகிற தூரத்தில் வைத்தேன். கைப்பிடியில் ஒரு துண்டைப் போட்டேன். கீழே ஒரு ஜோடி பழைய செருப்பு. பக்கத்துப் பலகையில், நான் பாதி குடித்து வைத்த டீ டம்ளர்.

இன்ஸ்பெக்டரம்மா துப்பாக்கியோடு தன் இடத்தில் வந்து நின்றவர், அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஷாட்டில், கிளம்புகிற வேகத்தில், அந்த நாற்காலிப் பக்கம் திரும்பி, யாரோ இருக்கிற மாதிரி, "வந்துடறேன்" என்று தலையை ஆட்டிவிட்டு ஓடினார். டைரக்டர் மானிட்டரில் அவர் முகத்தைத்தான் பார்த்தார். ஓகே என்றுவிட்டார்.

போட்டோ பாப்பா வந்து தொட்டிலைப் போட்டோ எடுத்தாள், நாற்காலியை எடுத்தாள், டம்ளரைக் கிட்டத்தில் போய் எடுத்தாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"அண்ணே! பேப்பர்ல நாற்காலியே இல்லையே. இப்போ படத்துல வந்துடுச்சு. இனிமே இது இங்கயேதான் இருக்கணும். யாரு உக்கார்ற நாற்காலி இது?"

"கதைசாரைக் கேளு. மனுஷங்க அவர் பொறுப்பு."

"அவர் கத்துவாருண்ணே."

"கத்தட்டும். செருப்பு இங்க கிடக்கிற ஆள் வெளியே போயிருக்க முடியாதுன்னு சொல்லு. துப்பறியற கதை எழுதறவர்தானே, கண்டுபிடிக்கட்டும்."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். என் செருப்பு அங்கே மாட்டிக்கொண்டதால் வெறுங்காலோடு, வழியில் கிடந்த ஒயரைத் தாண்டி நடந்தேன். மகள் இந்நேரம் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். லைட்டைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் எதிரே வந்தார்கள்.

"ஓரமா, ஓரமா" என்றேன். கையில் சாமான் ஒன்றும் இல்லை. இருந்தும் வழி விட்டார்கள்.